கன்மலையும் கம்பியும்

செஞ்சிக்கு அணித்தாயுள்ள சிங்கவரத்துக் குன்றில், பல்லவர் காலத்தே பாறையைக் குடைந்தமைத்த அரங்கநாதர் கோயிலைக் கண்டோர், அதனைச் செய்த தச்சர் உளியெடுக்கு முன்னரே தூண் இது, சுவர் இது என வரையறுத்திருத்தல் வேண்டுமென உணர்வர். பாறையில் தவறி வெட்டியதை மீண்டும் ஒட்டுதல் இயலாதன்றோ? இக்காலத்துப் பள்ளிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலுமோ, வெள்ளையடித்து முடிந்த பின்னரே கணினிக் கம்பிக்கு வழி தேடுவார் பலர். இவ்வழக்கம் ஒழிதல் வேண்டுமென்பதே எம் கருத்து.

காரணம் கூறுதும். மின்சாரம் ஓடுங் கம்பியைச் சூழ்ந்து காந்தப்புலம் உண்டு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றாக மாறி ஓடுதலின், அப்புலமும் ஓயாது மாறி, அடுத்து ஒருங்கு செல்லும் செப்புக் கம்பியில் வேண்டா மின்னழுத்தத்தை எழுப்பும். நீரேற்றும் மோட்டாரும் குழல்விளக்கின் சோக்கும் இத்தீங்கை மிகுவிக்கும். செய்தி சிதையும், சிதைந்தது மீண்டும் அனுப்பப்படும், வேகம் குன்றும். சுவருக்குள் உள்ள குற்றத்தை அறியாதார் கருவியைப் பழிப்பர். 1881-ல் கிரகாம் பெல் கண்டவாறு இரு கம்பிகளை முறுக்கிவிடின், இரண்டிலும் ஒப்ப எழும் இடையூறு தம்முட் கழியும். இன்றைய கணினிக் கம்பியும் அத்தகையதே. எனினும் முறுக்கு ஒன்றே முழுக்காப்பு ஆகாது.

முன்னறிந்து காத்தலுக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்தமை அறிந்து, கொலாபாவிலிருந்த காந்த ஆய்வுநிலையத்தார் 1904-ல் அலிபாக்கில் புதுநிலையம் அமைத்தனர். டிராம் ஓடியது 1907-ல். தீங்கு வருமுன் இடமே மாற்றினர் அவர். நாம் குழாயின் வழியையேனும் மாற்றலாகாதா?

செஞ்சி வட்டாரத்துக்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. கன்மலைமேல் வீடு கட்டியவன் புத்திமான் என்பது ஆண்டவர் உவமை. வீட்டுக்கு அது மெய். எர்த் கம்பிக்கோ பாறை உதவாது. கருங்கல் மின்சாரத்தை எளிதில் ஏலாது. ஆகலின் ஈரமண் உள்ள இடந்தேடி எர்த் குழி தோண்டி, அதன் தடையை அளந்து பார்த்தல் இன்றியமையாதது. இடி விழுங்கால் இரு கட்டடங்களின் நிலமின்னழுத்தம் வேறுபடும். அவற்றை இணைக்குஞ் செப்புக் கம்பி அவ்வேறுபாட்டைக் கருவிக்குட் கொணர்ந்து எரித்துவிடும். கட்டடங்களுக்கிடையே கண்ணாடியிழை இடின் அவ்வச்சமில்லை. ஒளிக்கு மின்புலம் பகையன்று.

கம்பியில்லா இணைப்பே போதுமென்பாரும் உளர். அவ்விணைப்பைத் தரும் பெட்டிக்குக் கம்பி வாராதோ? எனவே கட்டடப் படம் வரையும்போதே மின்கம்பிக்கு ஒரு குழாயும் செய்திக்கம்பிக்கு மற்றொரு குழாயும் விலக்கிக் குறித்தல் வேண்டும்; இரண்டும் சந்திக்குமிடத்துச் செங்குத்தாகவே கடத்தல் வேண்டும்; மோட்டார் அறையை விட்டுக் கருவியறை தொலைவில் அமைதல் வேண்டும். முன்னே செய்யின் ஒரு குழாயின் செலவு. பின்னே செய்யின் சுவரையே இடிக்குஞ் செலவு.

விண்ணப்பத்தின் இறுதிநாளன்று இணைப்பு அறுந்தால், நகரத்து மாணவன் அடுத்த தெருவுக்குச் செல்வான். சிற்றூர் மாணவனுக்கு ஓராண்டே வீணாகும். ஊர்தோறும் கட்டடம் எழுப்புவோர் இதனை நினைந்து, முதற்கல் நாட்டுமுன்னரே கம்பிக்கு வழி வகுப்பாராக.