சித்திரவதைக்கு வரையறை எழுதியவர்கள்

அலெக்ஸ் கிப்னி இயக்கி, சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற 'டாக்ஸி டு த டார்க் சைட்' (2007), போர்க்காலச் சிறைக்கொடுமை பற்றிய படங்களுள் பல்கலைக்கழகங்கள் தவறவிடக்கூடாத ஒன்று. அடித்த கைகளோடு நின்றுவிடாமல், அக்கைகளுக்கு அனுமதி வழங்கிய ஆவணங்களையும் அது தேடிச் செல்கிறது.

திலாவர் 22 வயது ஆப்கானிய டாக்ஸி ஓட்டுநர். 2002 டிசம்பரில் மூன்று பயணிகளுடன் பிடிபட்டு, பாக்ராமில் இருந்த அமெரிக்க இராணுவத் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். ஐந்தே நாட்களில் இறந்தார். மணிக்கட்டுகளைக் கூரையோடு சங்கிலியால் பிணைத்து, உறங்கவிடாமல் நிற்கவைத்து, கால்களில் மீண்டும் மீண்டும் தாக்கியிருந்தனர். இயற்கை மரணம் என்றது இராணுவம். ஆனால் இராணுவ மருத்துவர் அளித்த இறப்புச் சான்றிதழில் 'கொலை' என்றே எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அச்சான்றிதழைக் குடும்பத்தாரால் படிக்க இயலவில்லை. நியூயார்க் டைம்ஸ் நிருபர் கார்லோட்டா கால் அவர்களைத் தேடிச் சென்று அதைப் படித்த பின்னரே உண்மை வெளிவந்தது.

தண்டனை பெற்றோர் கீழ்நிலை வீரர்கள் மட்டுமே. 'ஒரு சிலரின் ஒழுக்கக்கேடு' என்ற அரசுத் தரப்பு விளக்கத்தைத் தகர்க்கக் காலவரிசையே போதுமானது. 2002 பிப்ரவரியில், தாலிபான், அல்-கொய்தா கைதிகளுக்குப் போர்க்கைதி உரிமை இல்லை என அதிபர் புஷ் முடிவெடுத்தார். ஆகஸ்டில், உறுப்புச் செயலிழப்புக்கோ மரணத்துக்கோ இணையான வலியே சித்திரவதை எனப்படும் என்று நீதித்துறையின் குறிப்பாணை சுருக்கியது. திலாவர் பிடிபடுவதற்கு மூன்று நாள் முன்பு, குவாண்டனாமோவுக்கான கடுமையான விசாரணை முறைகளைப் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்ட் ஏற்றார். பாக்ராமின் விசாரணைப் பிரிவு பின்னர் அபு கிரைபுக்கு அனுப்பப்பட்டது.

ஆகஸ்ட் குறிப்பாணையை வரைந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் யூ, சட்டப் பேராசிரியர். அக்குறிப்பாணை 2004இல் திரும்பப் பெறப்பட்டது. அவரோ பெர்க்லியில் கற்பிக்கத் திரும்பியிருந்தார். கருத்துரைப்பது கல்விச் சுதந்திரம் என்று வாதிடலாம். ஆனால் அரசுக்கு எழுதப்படும் சட்டக் கருத்துரை ஆய்விதழ்க் கட்டுரை அன்று. செயல்படுவோருக்கு முன்கூட்டியே பாதுகாப்பு அளிப்பதே அதன் பயன். அதன் விளைவுக்கும் எழுதியவரே பொறுப்பாவார்.

படத்தில் குறையும் உண்டு. தாக்கிய வீரர்கள் விரிவாகப் பேசுகின்றனர். திலாவரைப் பெரும்பாலும் அவர்களின் சொற்கள் வழியாகவே அறிகிறோம். ஆயினும் அவ்வீரர்களின் வாக்குமூலமே, கட்டளை தெளிவின்றி விடப்பட்டதும் ஒரு கொள்கைதான் என்பதை நிறுவுகிறது.

சொற்களை வரையறுப்பது ஆய்வாளரின் அன்றாடப் பணி. அவ்வரையறை எவருடைய உடலில் செயற்படுத்தப்படும் என்று கேட்பதும் அப்பணியின் பகுதியே. சட்டம், அரசியல் அறிவியல், மொழியியல் துறைகள் இப்படத்தை அந்தக் குறிப்பாணையுடன் சேர்த்து வகுப்பில் வைக்க வேண்டும்.