கௌரவம் உலையில் கொதிக்குமா?



பட்டம் பெற்றான், மேற்பட்டமும் பெற்றான், நெட் தேர்விலும் வென்றான். கல்லூரி ஆசிரியனாகத் தகுதியுடையான் என்று சான்றிதழ் சொல்லிற்று. அதனை ஏந்திக் கல்லூரி வாயிலிலே நின்றான், ஏழை வீட்டு இளைஞன். “நிலையான இடம் உண்டா?” என்றான். இல்லை என்றனர். “பாடம் நடத்த ஆள் வேண்டுமா?” என்றான். உடனே வேண்டும் என்றனர்! இடமில்லை, ஆனால் வேலையுண்டு! இந்த விந்தைக்குச் சூட்டிய பெயர்தான் கௌரவ விரிவுரையாளர்.

தகுதியிலே குறை கண்டனரா? இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் வகுத்த நெறிமுறை, நிலையான உதவிப் பேராசிரியருக்குரிய அதே தகுதியை இவர்களிடமும் கேட்கிறது. ஊதியமோ, வகுப்புக்கு 1,500 ரூபாய் வரை, மாதம் 50,000-க்கு மேற்படாமல் என்றது. ஏழாவது ஊதியக் குழுவின் அளவுப்படி, நிலையானவருக்குத் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700, படிகள் தனி. தமிழக அரசுக் கல்லூரிகளுக்கு 1,895 கௌரவ விரிவுரையாளர்களை 2022 டிசம்பரில் அழைத்தபோது குறித்த தொகை எவ்வளவு? 20,000! அதுவும் ஆண்டிலே 11 மாதங்களுக்கு! பன்னிரண்டாம் மாதம் வயிறும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் போலும்! பின்னர்ச் சில ஆயிரம் கூட்டினர், பள்ளம் தூர்ந்துவிடவில்லை. மதிப்பூதியமாம்! மதிப்பும் குறைவு, ஊதியமும் குறைவு, சொல்லிலே மட்டும் இரண்டும் நிறைவு!

“பொறு, நிலையான இடம் வரும்” என்பர். 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, இளைஞர் விண்ணப்பித்தனர், தேர்வு தள்ளிப்போயிற்று. 2025 அக்டோபரில் புது அறிவிப்பு வந்தது. இடங்கள் 2,708 ஆயின. காத்திருப்பு வளர்ந்தது, இடம் தேய்ந்தது!

“கருவூலம் வற்றிவிட்டது” என்பார் உண்டு. அவரைக் கேட்கிறேன்: மாணவன் ஆண்டுதோறும் வருகிறான், பாடம் ஆண்டுதோறும் நடக்கிறது, கற்பிப்பவன் மட்டும் எப்படித் தற்காலிகமாவான்? விருந்தாளியா அவன், ஆண்டாண்டாய் அடுப்படியில் வேலை செய்ய? குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் 30,000 ரூபாயில் உழன்றபோது, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அவர்களுக்கு உதவிப் பேராசிரியரின் குறைந்தபட்ச ஊதிய அளவைத் தரவேண்டும் என்றது. குருவைத் தெய்வமென மேடையில் துதிப்பது போதாது, நடத்தும் முறையிலும் அது தெரியவேண்டும் என்றும் இடித்துரைத்தது.

மாலை வேண்டாம், மந்திரம் வேண்டாம். உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டும். இதற்கு மேல் என்ன கேட்டுவிட்டான் அந்த இளைஞன்?

தோழர்களே, உங்கள் ஊர் அரசுக் கல்லூரிக்குச் செல்லுங்கள். ஒப்புதல் பெற்ற இடங்கள் எத்தனை? காலி எத்தனை? அவற்றைத் தாங்கி நிற்கும் கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாய்? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையிலே இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். வந்த விடையைத் தெருமுனைக் கூட்டத்திலே படியுங்கள். கணக்கு ஊரறியட்டும்! ஊரறிந்த கணக்கை எந்த ஆட்சியும் நெடுநாள் மறைக்க இயலாது!