நடுவுல மார்க் விழுந்தா போதுமா பாஸ்?

மெக்கானிக்கல் மக்களே, ஒரு சின்ன சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை. எஞ்சின் ட்யூனிங்னு வந்துட்டா நம்ம பசங்க எல்லாரும் ஒரே மந்திரம் சொல்றீங்க: "வால்வ் நுனியில மார்க்கர் தடவு, கிராங்க்கை ரெண்டு சுத்து சுத்து, ராக்கர் உரசின தடம் நடுவுல இருந்தா ஜியாமெட்ரி ஓகே." நானும் நம்பினேன். அதுக்கு விலை, ஒரு ராக்கர் ஷாஃப்ட்.

கதை இதுதான். ப்ராஜெக்டுக்கு எங்க கையில கிடைச்சது பழைய அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சின். 1489 சிசி, பிஎம்சி பி-சீரீஸ் வம்சம். கேம்ஷாஃப்ட் கீழே ப்ளாக்குல, புஷ்ராட் மேலே தள்ளும், பெடஸ்டல் மேல உட்கார்ந்த ஷாஃப்டுல ராக்கர் ஆடும். லிஃப்ட் அதிகமான கேம் போட்டோம். ஹெட் வேலைக்குக் கொடுத்த இடத்துல "கேம் மாத்தினா பெடஸ்டலுக்கு அடியில ஷிம் போடணும் தம்பி"ன்னாங்க. ஏன்னு கேட்கல. 1.5 மி.மீ. தகடு வெட்டிப் போட்டோம். மார்க்கர் தடம் அழகா நடுவுல விழுந்தது. போட்டோ கூட எடுத்தோம்.

இப்போ கணக்குக்கு வாங்க. ராக்கர் பிவட்டுல இருந்து வால்வைத் தொடுற முனை வரைக்கும் 40 மி.மீ., வால்வ் லிஃப்ட் 10 மி.மீ.னு வெச்சுக்கோங்க. முனை ஒரு வட்ட வில்லுலதான் போகும். வால்வோ நேர்கோட்டுல இறங்கும். அதனால முனை வால்வ் தலையில பக்கவாட்டுல நகர்ந்தே ஆகணும். எவ்வளவு நகருதுங்கறதுதான் கேள்வி.

பாதி லிஃப்டுல, அதாவது 5 மி.மீ. இறங்கினப்போ, ராக்கர் கோடு வால்வ் தண்டுக்குச் சரியா 90 டிகிரியில இருந்தா, முனை கொஞ்சம் வெளியே போய் அதே வழியில திரும்பி வரும். மொத்த நகர்வு 0.31 மி.மீ. அதே 90 டிகிரி வால்வ் மூடியிருக்கும்போதே வந்துட்டா, திரும்பி வர்ற பேச்சே இல்லை. ஒரே பக்கமா 1.27 மி.மீ. இழுக்கும். நாலு மடங்கு! அந்த இழுப்பு வால்வைப் பக்கவாட்டுல தள்ளும், வால்வ் கைடு வாய் அகலும், அந்த வழியா ஆயில் இறங்கும், பின்னாடி புகை வரும். பித்தாகரஸ் போதும் இதுக்கு. எட்டாங் கிளாஸ் சமாச்சாரம், நாலு வருஷம் பி.இ. படிச்சும் நாங்க போடல.

சரி, எங்க எஞ்சினுக்கு ஷிம் தேவையா? புது கேமால லிஃப்ட் சுமார் 2 மி.மீ. கூடுச்சு. பாதி லிஃப்டுல 90 டிகிரி வேணும்னா பிவட் 1 மி.மீ. *கீழே* இறங்கணும். ஷிம் அதை மேலே தூக்கும்! அப்போ ஷிம் யாருக்கு? வால்வ் சீட்டைத் திரும்பத் திரும்ப வெட்டினா வால்வ் உள்ளே புதையும், அதன் நுனி மேலே ஏறும். அந்த ஏற்றத்துக்கு ஈடுகட்டத்தான் ஷிம். எங்க ஹெட்டுல நுனி ஏறியிருந்ததும் சுமார் 1 மி.மீ.தான். ஒண்ணு ஏத்தச் சொல்லுது, இன்னொண்ணு இறக்கச் சொல்லுது, கணக்கு நேர். ஒண்ணுமே போடாம விட்டிருந்தா போதும்.

அப்போ மார்க் எப்படி நடுவுல விழுந்தது? இதுதான் என் வாதமே. இந்த மாதிரி ஷாஃப்ட் ராக்கர்ல, தடம் *எங்கே* விழும்னு பெரும்பாலும் முடிவு பண்றது ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் இடையில இருக்கற கிடைத்தூரம். அதை ஹெட் டிசைன் பண்ணவங்க எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. ஷிம் போட்டாலும் போடாட்டாலும் தடம் கிட்டத்தட்ட அங்கேயேதான் விழும். ஷிம் மாத்தறது தடத்தோட *அகலத்தை*. நாங்க இடத்தைப் பார்த்தோம், அகலத்தை அளக்கல. செவர்லே ஸ்மால் ப்ளாக் மாதிரி ஸ்டட் ராக்கர்ல புஷ்ராட் நீளம் மாறினா இடமும் அகலமும் சேர்ந்தே மாறும். யூட்யூப்ல நீங்க பார்க்கற வீடியோ பெரும்பாலும் அந்த எஞ்சினுக்குத்தான். அங்கேயும் எனக்குக் கேட்டா, நடுவுல விழுந்த அகலத் தடத்தை விட கொஞ்சம் தள்ளி விழுந்த குறுகின தடமே மேல். நுனியோட விளிம்பைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

ஷாஃப்ட் எப்படிப் போச்சுன்னு சொல்லலையே. ராக்கருக்கு ஆயில் ஒரு பெடஸ்டல் வழியாத்தான் மேலே ஏறுது. நாங்க வெட்டின தகட்டுல அந்த ஓட்டை இல்லை. ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷத்துல கீச்சுன்னு சத்தம். கவரைத் திறந்தா ஷாஃப்ட் காய்ஞ்சு கோடு கோடா கிழிஞ்சு கிடக்கு. தேவையே இல்லாத ஷிம், அதுவும் ஓட்டை இல்லாம.

"இப்போ யார் சார் புஷ்ராட் ஓட்டறா?"ன்னு ஃபார்முலா டீம் பசங்க சிரிப்பீங்க. உங்க கேடிஎம் 390-ல புஷ்ராட் இல்லை, சரி. ஆனா கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்கற ஃபிங்கர் ஃபாலோயரும் ஒரு பிவட்டுலதான் ஆடுது. வில்லும் நேர்கோடும் அங்கேயும் அதே சண்டைதான்.

அடுத்த செம் ஹெட்டைக் கழட்டப் போற ஜூனியர்ஸ், டயல் கேஜும் மேக்னடிக் ஸ்டாண்டும் மெட்ராலஜி லேப் அலமாரியில, ரெண்டாவது தட்டுல இருக்கு. ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டா லேப் அண்ணன் தருவார். நாங்க போனப்போ அந்தப் பக்கத்துல எங்களுக்கு முன்னாடி ஒரு பேரு கூட இல்லை.