புரோட்டானா, போட்டானா?



கீமோதெரபி முடிந்தது என்று குடும்பம் பெருமூச்சு விடும் வேளையில், "இனிக் கதிர்வீச்சு" என்கிறார் மருத்துவர். உடனே உறவினர் ஒருவர், "சாதாரணக் கதிர்வீச்சு வேண்டாம், புரோட்டானே மேலானது" என்கிறார். அதன் செலவைக் கேட்டதும், ஊரிலுள்ள வீட்டை விற்கலாமா என்ற பேச்சு எழும்புகிறது. விற்குமுன் சற்று நிதானித்து வாசியுங்கள்.

பெரும்பாலான மருத்துவமனைகளில் கொடுக்கப்படுவது போட்டான், அதாவது எக்ஸ் கதிர். அது சரீரத்திற்குள் நுழைந்து, கட்டியைத் தாக்கி, அப்பாலும் கடந்து செல்லும். வழியிலுள்ள நல்ல உறுப்புகளும் ஓரளவு கதிரை ஏற்கின்றன. புரோட்டானோ தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் குறித்த ஆழத்தில் செலுத்திவிட்டு அங்கே நின்றுவிடும். இதை மருத்துவத்தில் பயன்படுத்தலாம் என்று 1946-ல் எடுத்துரைத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன். நம் தேசத்தில் சென்னை அப்போலோவில் 2019-லும், நவி மும்பையின் கார்கரிலுள்ள டாட்டா நினைவு மையத்தில் 2023-லும் இச்சிகிச்சை தொடங்கியது.

அப்படியானால் எல்லாருக்கும் புரோட்டானே நல்லதா? அல்ல. கட்டி இருக்கும் இடத்தையும் நோயாளியின் வயதையும் பொறுத்தே பயன் அமையும். வளரும் பிள்ளையின் மூளைக்கட்டிக்கு அது மிகவும் கருதத்தக்கது. இருதயத்தை ஒட்டி வரும் ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் அப்படியே. அந்நோய்க்குக் கொடுக்கப்படும் டாக்சோரூபிசின் என்னும் கீமோ மருந்தே இருதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும். அதே இருதயத்தின்மேல் கதிரின் பாரத்தையும் ஏற்றாதிருப்பது நலம். ஆனால் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயில், 450 பேரை இரு பிரிவாக்கி அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குடல் தொல்லையில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆகையால் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எந்த உறுப்பைக் காப்பதற்காகப் புரோட்டான்? இரு முறைகளிலும் திட்டம் வரைந்து பார்த்தால், அவ்வுறுப்பு ஏற்கும் கதிரின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது? புரோட்டானுக்காகக் காத்திருந்தால் சிகிச்சை எத்தனை நாள் தள்ளிப்போகும்?

வேறுபாடு பெரிது என்று மருத்துவர் சொன்னால், அதற்காக முயலுங்கள். சிறிது என்றால், போட்டான் சிகிச்சையைக் குறித்த நாளில் தொடங்கி, ஒரு நாளும் தவறவிடாமல் முடியுங்கள். வீட்டை விற்காததினால் நீங்கள் அன்பில் குறைந்தவர்கள் ஆகிவிடமாட்டீர்கள்.