கனவென்று கைகழுவிய ஓஸ்
ஃபிராங்க் பாம் எழுதி 1900இல் வெளியான ஓஸ் நாவலின் சிதறலான கதையை, 1939ஆம் ஆண்டுத் திரைப்படம் கனவு என்னும் சட்டகத்துக்குள் அடக்கிச் செம்மைப்படுத்தியது என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று. நாவல் சாம்பல் நிறமாகவே வருணிக்கும், சிறுமி டோரதியின் ஊரான கன்சாஸைச் செபியா எனப்படும் பழுப்புச் சாயலில் காட்டி, அவள் கதவைத் திறந்ததும் ஓஸ் என்னும் மாய நாட்டை முழு வண்ணத்தில் விரிக்கும் காட்சி, மூலத்தின் உயிரை அறிந்தவர்களின் அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால், அவளை ஓஸுக்குக் கொண்டுசென்ற சூறாவளி பழைய வீட்டையே தூக்கிச் சென்றுவிட்டதால், நாவலின் டோரதி திரும்பி வரும்போது ஹென்றி மாமா கட்டிய புதிய வீட்டைக் காண்கிறாள். அவள் பயணம் மெய்யென்பதற்கு அந்த வீடே சான்று. படமோ அவளைப் பழைய கட்டிலிலேயே கண்விழிக்கச் செய்து, பண்ணையாட்களே அவளுடைய ஓஸ் துணைவர்களான சோளக்கொல்லைப் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் சிங்கமாகவும் கனவில் வந்தனர் என்று காட்டுவதால், ஒரு சிறுமி துணிந்து வென்ற உலகைப் பெரியவர்கள் புன்னகையோடு மறுக்க இடமளித்துவிடுகிறது.