பெரிய கப்பலா, சின்னக் கப்பலா?

கப்பலில் ஏறி நாலு நாள் கடலைப் பார்த்துவிட்டு வருவது என்பது ஒரு காலத்தில் நமக்கெல்லாம் சினிமாவில் பார்க்கிற சமாசாரம். இப்போது நம் வாசகிகளே எழுதிக் கேட்கிறார்கள். சேலத்துச் சகோதரி ஒருவருக்குச் சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறதாம். சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலில் மலேசியா, தாய்லாந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஆசை. கூட வருகிறவர்கள் கணவர், ஏழு வயசுப் பையன், பத்து மாதக் கைக்குழந்தை, முழங்கால் வலிக்கிற மாமியார். "ஏஜெண்ட் பெரிய கப்பல்தான் என்கிறார். என் ஓரகத்தி சின்னக் கப்பல்தான் சுகம் என்கிறாள். எதில் போகலாம் அக்கா? இந்தப் பணம் மறுபடி சேர இன்னும் பத்து வருஷம் ஆகும்" என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு சும்மா ஒரு வரியில் பதில் எழுத மனசு வரவில்லை.

முதலில், சின்னது பெரியது என்றால் என்ன? 1912-இல் மூழ்கிய டைட்டானிக் அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய கப்பல்; 46,328 டன். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் உல்லாசப் பயணம் கிளம்பிற்றே 'எம்பிரஸ்', அது 48,563 டன். இன்றைக்கு அதைச் 'சின்னக் கப்பல்' வரிசையில்தான் வைக்கிறார்கள்! அதே 2022-இல் சிங்கப்பூரிலிருந்து பயணம் தொடங்கிய 'கெந்திங் ட்ரீம்' 1,50,695 டன், நீளம் 335 மீட்டர். 2024-இல் அமெரிக்காவில் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 டன். அம்மாடி! ஒரு சின்ன ஊரையே தூக்கி மிதக்கவிட்ட மாதிரி.

இந்த டன் கணக்கு கப்பலின் எடை இல்லை. உள்ளே எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்பதற்கான அளவு. அதனால் நாம் ஒரு சின்ன வீட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டன்னைப் பிரயாணிகள் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். எம்பிரஸில் கேபினுக்கு இரண்டு பேர் வீதம் சுமார் 1,600 பேர். வகுத்தால் தலைக்கு 30 வருகிறது. கெந்திங் ட்ரீமில் அதே மாதிரி 3,352 பேர், தலைக்கு 45. அதாவது, பெரிய கப்பலில் ஜனங்கள் இரண்டு மடங்கு இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கிற இடம் ஒன்றரை மடங்கு. 'சின்னக் கப்பல் என்றால் கூட்டம் இருக்காது' என்று ஓரகத்தி சொல்வது எல்லாக் கப்பலுக்கும் பொருந்தாது. 40-க்கு மேல் வந்தால் தாராளம், 30-க்குக் கீழே போனால் பஃபே சாப்பாட்டில் முழங்கை இடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணிக்கை கேபினுக்கு இருவர் என்ற கணக்கு. பள்ளிக்கூட லீவில் மூன்றாவது நாலாவது படுக்கையிலும் குழந்தைகள் வந்துவிடுவார்கள். ஐகானில் 5,610 என்கிற கணக்கு, எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600 ஆகிவிடும். மே மாதத்திலும் டிசம்பர் கடைசியிலும் கிளம்புகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

சின்னக் கப்பலுக்கு நிஜமான பெருமை எங்கே என்றால், அது போகிற இடத்தில். பெரிய கப்பலால் எல்லாத் துறைமுகத்திலும் நுழைய முடியாது. சிங்கப்பூரிலேயே பாருங்கள், ஹார்பர்ஃபிரண்ட் துறைக்கு மேலே சென்டோசா கேபிள் கார் போகிறது. 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அங்கே வர முடியாது. அதனால் பெரியவையெல்லாம் மரினா பேயில் 2012-இல் திறந்த முனையத்துக்குத்தான் போகின்றன. வெனிஸ் நகரத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை நகரத்துக்கு நடுவே போகும் கால்வாயில் விடுவதில்லை. அன்டார்க்டிகாவில் 500 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பலிலிருந்து யாரையும் கரையில் இறக்குவதே இல்லை. குழந்தைகள் வளர்ந்து, தம்பதிகளாக ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சின்னக் கப்பலைத்தான் சொல்வேன். 2023-இல் எம்பிரஸ் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய் வந்ததே, அந்த மாதிரிப் பயணத்துக்கு ராட்சசக் கப்பல் எதற்கு?

ஆனால் நம் சேலத்துச் சகோதரிக்கு ஊர் பார்ப்பது மட்டும் இல்லையே. மாமியாரின் முழங்கால் இருக்கிறது. புக்கெட் போகிற பெரிய கப்பல் பல சமயம் பட்டோங் கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, பிரயாணிகளைப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பும். கப்பலுக்கும் படகுக்கும் நடுவே அலை ஏறி இறங்கும். சரியான நொடியில் காலை எட்டி வைக்க வேண்டும். அலை அதிகமானால் நடக்க முடியாதவர்களை மேலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள். நான் போன ஒரு பயணத்தில், படகுக்கு நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கரையில் இருந்தது இரண்டே மணி நேரம். மாமியாருக்கு முதலிலேயே பக்குவமாகச் சொல்லிவைப்பது நல்லது: பினாங்கில் துறையில் கட்டுவார்கள், இறங்கி நடக்கலாம், புக்கெட்டில் மேலே உட்கார்ந்து காற்று வாங்கலாம் என்று. பெரிய கப்பலானால் அப்படி மேலே இருப்பவர்களுக்கும் பொழுது போகும். சின்னக் கப்பலில் பாதிப் பேர் இறங்கிவிட்டால் ஹோவென்று இருக்கும்.

ஆட்டம்? அதில் பெரிய கப்பலுக்குத்தான் ஜெயம். அலை சின்னதைத் தூக்கிப்போடுகிற மாதிரி பெரியதைத் தூக்கிப்போடாது. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கத் தண்ணீருக்கடியில் துடுப்பு மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் ஆடுவதற்கு அது உதவாது. எந்தக் கப்பலானாலும் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேபின் கேளுங்கள். மலாக்கா ஜலசந்தி பெரும்பாலும் அமைதியான கடல்தான். நம் வங்காள விரிகுடாவை மழைக்காலத்தில் அப்படி நம்ப முடியாது. மசக்கையில் பட்டபாடு ஞாபகம் இருக்கிறவர்களுக்குக் கடல் தலைசுற்றலைப் பற்றி நான் விவரிக்கத் தேவையில்லை. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள், அடிவானத்தைப் பாருங்கள், இஞ்சி மரப்பா கைவசம் இருக்கட்டும். மாத்திரை என்றால் குழந்தைகளுக்கும் பாலூட்டுகிற தாய்மார்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது.

கைக்குழந்தை விஷயத்தில்தான் விளம்பரப் படங்கள் நம்மை ஏமாற்றும். பெரிய கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம் உண்டு என்பார்கள். வாஸ்தவம்தான், ஆனால் சாதாரணமாக மூன்று வயசு நிரம்பி, பாத்ரூம் போகத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான். ஏழு வயசுப் பையனுக்குக் கொண்டாட்டம். பத்து மாதக் குழந்தை அம்மா இடுப்பில்தான். டயபர் போட்ட குழந்தையைப் பல கப்பல்களில் நீச்சல் குளத்தில் இறக்கவும் விடமாட்டார்கள். ஆறு மாதம் ஆகாத சிசுவைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவதே இல்லை. நெடும் கடல் பயணமானால் ஒரு வயசு ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 24-ஆவது வாரம் தொடங்கிவிட்டால் அனுமதி கிடையாது. பயணம் முடிகிற நாளை வைத்து எண்ணுவார்கள், கிளம்புகிற நாளை வைத்து அல்ல.

ஆகவே என் தீர்ப்பு, இந்தக் குடும்பத்துக்குப் பெரிய கப்பல்தான். ஆனால் அதோடு நிறுத்தமாட்டேன். ஏஜெண்ட் மலிவாக இருக்கிறது என்று ஜன்னல் இல்லாத உள்கேபினைத் தருவார். வாங்காதீர்கள்! குழந்தை மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கும். அப்போது மற்றவர்களெல்லாம் பாட்டு, கூத்து, ஐஸ்கிரீம் என்று சுற்றிக்கொண்டிருக்க, நீங்கள் அந்த இருட்டு அறையில் லைட்டைக்கூடப் போட முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். வீட்டு அடுக்களைக்காவது ஒரு ஜன்னல் இருக்கிறது! நாலு நாளை மூன்று நாளாகக் குறைத்தாலும் சரி, கடல் தெரிகிற கேபின் வாங்குங்கள். கணவரிடமும் கிளம்புமுன்பே பேசிவிடுங்கள்: ஒரு நாள் மத்தியானம் குழந்தையோடு நீங்கள், மறுநாள் அவர். அவருக்கும் லீவு, உங்களுக்கும் லீவு. மாமியாருக்கு லிஃப்டுக்குப் பக்கத்துக் கேபின். 335 மீட்டர் நீளமுள்ள கப்பலில் ஒரு கோடியிலிருந்து சாப்பாட்டு அறைக்குப் போய் வருவதற்குள் முழங்கால் அழுதுவிடும்.

பணம் கட்டுமுன் சில கேள்விகள். டிக்கெட் விலையில் கப்பல் ஊழியர்களுக்கான இனாம் சேர்ந்ததா? பல கப்பல்களில் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிப்பார்கள். ஐந்து பேருக்கு நாலு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள். சிங்கப்பூர் விசா பல முறை நுழைய அனுமதிப்பதா? கப்பலிலிருந்து இறங்கும்போது மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறோம், அதனால் கேட்கிறேன். கப்பல் டாக்டரின் பீஸ் நம் ஊர் பீஸ் மாதிரி இருக்காது, ஆகவே மருத்துவச் செலவும் சேர்ந்த பிரயாண இன்ஷூரன்ஸ் அவசியம். கடலுக்குள் போனதும் செல்போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் சாட்டிலைட்டைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு வந்த பிறகு பில் காட்டும்.

கப்பலில் வாந்தி பேதி கிளம்பினால் வேகமாகப் பரவும். வாசலில் கையில் தெளிக்கிற திரவம் அந்த நோரோ கிருமிக்குச் சரிவரக் கேட்காது. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் வழி. பையனுக்கு இதை இப்போதே பழக்குங்கள்.

சைவச் சாப்பாடு, குழந்தைக்குக் குழைந்த சாதம் எல்லாம் புக் செய்யும்போதே சொல்லி எழுதி வாங்கிவிடலாம். ஏனென்றால் ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதையும் ஏற்ற விடமாட்டார்கள், தீப்பிடிக்கும் பயம். வீட்டில் சமைத்ததையும் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சீல் உடைக்காத பிஸ்கட், குழந்தைக்கான டின் உணவு இவற்றுக்குச் சாதாரணமாகத் தடையில்லை. எதற்கும் ஏஜெண்டிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டு பெட்டியைக் கட்டுங்கள்.