புதுமை ஒன்றே போதும் என்பார்க்கு

சென்னை–பெங்களூர் தொழில் வழித்தடத்தில் கிருஷ்ணபட்டினத்தோடும் தும்கூரோடும் சேர்த்துப் பொன்னேரியின் பெயரையும் மத்திய சர்க்கார் 2014ஆம் ஆண்டு பட்ஜெட்டில் உச்சரித்த நாளிலிருந்து, இந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகினவோ இல்லையோ, உபதேசங்கள் பெருகிவிட்டன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பட்டறை நடத்துகிறவர்களைக் கூட்டிவைத்து, 'புதுமை செய்கிற ஸ்தாபனம் போட்டியில் வெல்லும். காலத்துக்கேற்ப மாறாத ஸ்தாபனம் மடியும்' என்று ஒருவர் முழங்குவதும், அதற்கு ஆதாரமாகக் கோடக், நோக்கியா என்னும் இரண்டு பெயர்களைத் தவறாமல் எடுத்துப்போடுவதும் ஒரு சடங்காகவே ஆகிவிட்டன. முதல் டிஜிட்டல் கேமராவை 1975இல் செய்தவர் கோடக் கம்பெனியின் பொறியாளரே என்பதைச் சொன்னால் பிரசங்கத்தின் சுவை கெட்டுவிடும் என்பதனாலோ என்னவோ, அதை யாரும் சொல்வதில்லை. சாட்சிகளைத் தேடி அவ்வளவு தூரம் போவானேன்? பொன்னேரியில் மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போகிற பாதையிலேயே அவை வரிசையாக நிற்கின்றன.

'நவீன யந்திரம் உடையவனே வெல்வான்' என்பது இந்தச் சித்தாந்தத்தின் முதல் தூண். எண்ணூரையும் கத்திவாக்கத்தையும் கடந்தால் விம்கோ நகர் என்ற பலகை தென்படும். தீக்குச்சிச் சக்கரவர்த்தி என்று உலகம் அழைத்த சுவீடன் தேசத்து ஐவார் குரூகரின் குழுமம் 1923இல் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. குச்சியைச் செருகுவதும், மெழுகில் தோய்ப்பதும், மருந்தில் முக்குவதும், உலர்த்துவதும், பெட்டியில் நிரப்புவதும் அதன் ஆலைகளில் யந்திரத்தின் வேலையாக இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில், கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் ஊன்றிய தொழிலிலோ, பெண்களும், சொல்ல வெட்கமாயிருந்தாலும் சொல்லியே தீரவேண்டும், பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளும் சட்டங்களில் குச்சியடுக்க, வீட்டுத் திண்ணைகளில் பெட்டி ஒட்டப்பட்டது. பிரசங்கிகளின் கணக்குப்படி முன்னது கொழித்துப் பின்னது மறைந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. கைத்தீப்பெட்டிக்குக் கலால் வரியில் கிடைத்த சலுகையும், சொற்பக் கூலியும், பெரிய ஆலை சுமக்கவேண்டிய நிரந்தரச் செலவு இல்லாமையும் சேர்ந்து சந்தையின் பெரும்பகுதியைத் தெற்கே இழுத்துக்கொண்டு போயின. விம்கோவை 2005இல் ஐடிசி வாங்கிக்கொண்டது. கைத்தீப்பெட்டிக்கும் யந்திரத் தீப்பெட்டிக்கும் ஜிஎஸ்டி ஒரே விகிதமாக, 12 சதவீதமாக, ஆக்கப்பட்டது 2020இல்தான். இதைக்கொண்டு நான் மலிவுக் கூலிக்குக் கொடி பிடிப்பதாக யாரும் நினைக்கவேண்டாம். யந்திரத்தின் நவீனத்தைவிட வரி விதியும் கூலி விகிதமும் வெற்றியைத் தீர்மானிக்கிற சந்தைகள் உண்டு என்பது பிரத்தியட்சம். அதை மறைத்துப் பேசுவது தொழில் தெரிந்தவர் செய்கிற காரியமன்று.

அடுத்த ஸ்டேஷன் திருவொற்றியூர். 'மாறாதவன் மடிவான்' என்ற வாதத்துக்கு இந்த ஊரைப்போல் சங்கடம் தரும் ஊர் வேறில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மதராஸ் மோட்டார்ஸும் 1955இல் கூட்டுச் சேர்ந்து இங்கே புல்லட் செய்யத் தொடங்கின. தாய்க் கம்பெனி சும்மா இருக்கவில்லை. 1960களில் ஐந்து கியர் பெட்டி, கான்டினென்டல் ஜிடி, 750 சிசி இன்டர்செப்டர் என்று புதுமைமேல் புதுமையாக வெளியிட்டது. 1967இல் ரெட்டிச் ஆலையை மூடியது. 1970இல் உற்பத்தியே நின்றது. புதுமையொன்றும் செய்யாமல், ஒரே வண்டியை ஒரே விதமாகச் செய்துகொண்டிருந்த திருவொற்றியூர் பிழைத்தது. அந்தப் பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு வித்தை: அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்து பிஸ்டனைச் சற்றே தாண்டவிட்டு, பிறகு உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி மிதிக்கவேண்டும், கணக்குத் தவறினால் கிக்கர் திருப்பியடித்துக் கணுக்காலைப் பதம்பார்க்கும்.

போட்டியில்லாத, மூடிய சந்தையில்தானே அது பிழைத்தது என்று எதிர்த்தரப்பார் கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதை நான் மறுக்கவில்லை. சந்தை திறந்ததும் புல்லட் தள்ளாடியதும், 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த பிறகும் இதை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற யோசனை எழுந்ததும் உண்மையே. ஆனால் அது மீண்ட விதத்தைக் கவனிக்கவேண்டும். 2009இல் கிளாசிக் வண்டியோடு பரவலாக வந்த புதிய எஞ்சினில் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. எண்ணெய்க் கசிவு என்ற தீராத அவப்பெயர் ஓய்ந்தது. பட்டன் ஸ்டார்ட் சாதாரணமாயிற்று. வலக்காலில் இருந்த கியர் அதற்கு முன்பே இடக்காலுக்குப் போயிருந்தது. வண்டியின் தோற்றத்தையோ, பெட்ரோல் தொட்டியின் ஓரத்தில் தூரிகையால் கைப்படக் கோடு இழுக்கும் வேலையையோ அவர்கள் தொடவில்லை. கூடவே, டிராக்டர் தொழிலை 2005இல் சென்னையின் டாஃபேக்கு விற்றுவிட்டு, பலவற்றில் சிதறிக்கிடந்த கவனத்தையும் மூலதனத்தையும் ஒருமுகப்படுத்தினார்கள். எதை விடுவது, எதைத் தொடாமல் வைப்பது என்ற விவேகத்தைப் 'புதுமை' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் அந்தச் சொல்லுக்கே அர்த்தமில்லாமல் போகும். பக்கத்து எண்ணூரில் 1948இல் ஆஸ்டின் கார் பூட்டுவதற்கென்று பிறந்த அசோக் மோட்டார்ஸ், காரைக் கைவிட்டு லாரிக்குப் போனதனால்தான் அசோக் லேலண்டாக நிலைத்தது.

அம்பாசடர் கதையை இனிப் பார்ப்போம். அதை எடுக்காத பிரசங்கி இல்லை. 'மாறாமலே இருந்தது, 2014இல் உத்தர்பாராவில் மாண்டது' என்பார்கள். 1990களில் அதற்கு இசுசு எஞ்சின் பொருத்தியதைக்கூட விட்டுவிடுவோம். அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நம் திருவள்ளூருக்கருகில் மற்றோர் ஆலை அமைத்து, ஜப்பானின் மிட்சுபிஷியோடு ஒப்பந்தம் செய்து, 1998இல் லான்சர் என்ற அந்நாளைய புத்தம்புதுக் காரைக் கொண்டுவந்ததே, அதை ஏன் சொல்வதில்லை? ஒரே முதலாளி, ஓரிடத்தில் பழமை, மற்றோரிடத்தில் புதுமை, இரண்டும் தோற்றன. லான்சர் பிறர் வரைபடத்தில் பிறந்த புதுமை. ஜப்பானில் 2000ஆம் ஆண்டிலேயே அதற்கு அடுத்த வடிவம் வந்துவிட, அது இங்கே வந்துசேர 2006 ஆயிற்று. அதற்குள் ஹோண்டா சிட்டி ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. 2017இல் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய் கொடுத்து அம்பாசடர் என்ற பெயரை வாங்கிக்கொண்டது. செத்த காரின் பெயருக்கு இருந்த அந்த விலை, நவீன லான்சரின் பெயருக்கு இந்த நாட்டில் யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை. திருவள்ளூர் ஆலையில் 2021 முதல் சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன, வண்டிகள் நவீனமானவைதாம், விற்பனையில் அவை இன்னும் பெரிய இடம் பிடித்தபாடில்லை.

கும்மிடிப்பூண்டிக் கம்பி ஆலைகள் காட்டுவது வேறொன்று. முன்பெல்லாம் வீடு கட்ட முறுக்குக் கம்பி வாங்கினோம். குளிர்ந்த நிலையில் முறுக்கி வலுவேற்றிய கம்பி அது. பிறகு டிஎம்டி வந்தது. உருளைகளுக்கிடையிலிருந்து செக்கச்செவேலென்று சீறிவரும் கம்பி தண்ணீர்க் குழாய்க்குள் நுழைந்து வெளிவரும் நொடியில் மேல்தோல் கறுத்துக் கெட்டிப்படும். உள்ளே அடங்கியிருக்கும் சூடு மெல்ல வெளியேறித் தோலைப் பதப்படுத்தும். தோல் உறுதியாகவும் உட்பகுதி இளகியும் நிற்கும். அருமையான தொழில்நுட்பந்தான். ஆனால் அந்தத் தண்ணீர்ப் பெட்டியை எல்லா ஆலைகளும் வாங்கிவிட்டன! வாங்காதவன் தொழிலை விட்டுப் போனான். வாங்கியவனுக்கோ டன்னுக்கு அதிக விலை கிடைத்துவிடவில்லை. இரும்புக் கழிவின் விலையும் மின்கட்டணமுமே மறுபடி லாப நஷ்டத்தை நிர்ணயித்தன. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கிற புதுமை ஆட்டத்தில் இருப்பதற்கான நுழைவுக் கட்டணம். மேன்மை அதனால் வருவதில்லை.

கடைசியாக, கார்க் கம்பெனிகளுக்கு பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் பிரஸ் ஷாப்காரனைப் பார்த்து 'நீ மாறு' என்பது. அவன் எதை மாற்றுவான்? டிராயிங் வாங்குகிறவனுடையது, தகட்டின் தரத்தை மாற்றவும் அவனுடைய அனுமதி வேண்டும், விலையையும் அவனே வைப்பான். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாகவேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை எடுத்துச்சொல்லி, வாங்குகிறவர்களைக் கூட்டி ஒரு பிரசங்கம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகையால் பட்டறைக்கார அன்பர்களே, அடுத்த கூட்டத்தில் புதிய யந்திரத்துக்குக் கடன் வாங்கச் சொல்கிறவரிடம் எழுந்து நின்று இரண்டே கேள்வி கேளுங்கள்: இதே யந்திரத்தைப் பக்கத்து ஷெட்காரனும் வாங்கிவிட்டால் என்னிடம் மிச்சமிருப்பது என்ன? இதனால் குறைகிற செலவு என் பைக்கு வருமா, வாங்குகிறவன் பைக்குப் போகுமா? இரண்டுக்கும் நேரான பதில் கிடைக்கும்வரை பாங்குக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.